191-ஆம் சாலையில் ஒரு கோடை: தண்ணீரைப் பார்த்துப் போட்ட பயணத் திட்டம்

அமெரிக்காவின் மேற்கு மலைப் பகுதியைக் காரில் சுற்றிப் பார்க்க நம்மவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முதல் நாள் இந்தப் பூங்கா, அடுத்த நாள் அந்த அருவி, ராத்திரி தங்க இன்ன ஹோட்டல். கூடவே தூண்டிலும் வருகிறது என்றால் இந்தத் திட்டம் சரிப்படாது. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, அது எவ்வளவு சில்லென்று இருக்கிறது, நாம் போய்ச் சேருவது காலையிலா மத்தியானத்திலா என்பதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும். எந்தச் சாலை, எங்கே தங்குவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எங்கள் பயணம் நன்றாக அமைந்ததற்கு இந்த வரிசைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது சால்ட் லேக் சிட்டி பக்கம். அந்தக் கோடையில் ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர். மண்புழுவும் மூங்கில் கழியுமாகச் சின்ன வயதிலேயே பழகியவர். மகளுக்குப் பத்து வயது. மனைவிக்குத் தூண்டில் பிடிப்பதில் நாட்டமில்லை, ஆனால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து படம் வரையக் கிடைத்தால் நாள் முழுக்க இருப்பாள். நான்கு பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரு வழி வேண்டியிருந்தது.

அமெரிக்க நெடுஞ்சாலை 191 அதற்குச் சரியாகப் பொருந்தியது. யூட்டாவின் வெர்னலில் அதைப் பிடித்தால் ஃப்ளேமிங் கார்ஜ் அணையின் மேலேயே ஏறி வயோமிங்குக்குள் போகும். ராக் ஸ்பிரிங்ஸ், பைன்டேல், ஜாக்சன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் என்று போய் மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் வரை அதே திசை. அங்கிருந்து 20-ஆம் சாலையில் ஐடஹோ வழியாக இறங்கி வீடு திரும்பலாம். மீன் உள்ள ஆறுகள் வழி நெடுகக் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் மாதம். பள்ளி விடுமுறை ஜூன் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுவதால் உடனே கிளம்பத் தோன்றும். ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் மலைப்பனி உருகி ஆறுகள் கலங்கலாகக் கரையை முட்டிக்கொண்டு ஓடும். அந்தத் தண்ணீரில் தூண்டில் போடுவது வீண், இறங்குவது ஆபத்து. 2022 ஜூனில் யெல்லோஸ்டோனின் வடக்குச் சாலையையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நாங்கள் ஜூலை மூன்றாம் வாரத்தை எடுத்துக்கொண்டோம். அதற்குள் பெரும்பாலான ஆறுகள் தெளிந்துவிடும். ஆகஸ்ட் ஆனால் தண்ணீர் சூடாகத் தொடங்கும், காட்டுத்தீப் புகையும் சேர்ந்துகொள்ளும்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம் தினமும் ஆற்று அளவீடுகளைப் பார்த்து வந்தேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் பல ஆறுகளில் கருவி வைத்து, விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று இணையத்தில் போடுகிறது. மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தி கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. எண்ணை மட்டும் பார்க்காமல் போக்கைப் பாருங்கள். கோடு மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் ஆறு தெளிகிறது என்று அர்த்தம். திடீரென்று செங்குத்தாக ஏறினால் மேலே எங்கோ மழை. சில இடங்களில் வெப்பநிலையும் கிடைக்கும். அதைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது உரிமம். இந்த வட்டத்தில் யூட்டா, வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகிய ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் எந்த மாநில உரிமமும் செல்லாது, பூங்காவின் சொந்த அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். நாங்கள் போனபோது அது 3 நாளுக்கு 40 டாலர், 7 நாளுக்கு 55 டாலர். கிராண்ட் டீட்டனில் மட்டும் வயோமிங் உரிமமே போதும். மொன்டானாவில் வெளியூர்க்காரர்கள் மீன்பிடி உரிமத்தோடு இன்னும் இரண்டு சீட்டு சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். எல்லா இடத்திலும் எல்லோருக்கும் வாங்கினால் பெட்ரோல் செலவைத் தாண்டிவிடும். அதனால் ஐடஹோவில் தூண்டில் வேண்டாம், வேடிக்கை மட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். மொன்டானாவில் எனக்கு மட்டும் வாங்கினேன். குழந்தைகளுக்கான வயது வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெரியவரோடு சேர்ந்து பிடித்தால் உரிமம் வேண்டாம் என்று விடுகிற இடங்களில் குழந்தை பிடிப்பது பெரியவர் கணக்கில் சேரும்.

முதல் நிறுத்தம் ஃப்ளேமிங் கார்ஜ் அணைக்குக் கீழே ஓடும் கிரீன் ஆறு. வெர்னலில் மளிகை, ஐஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு மலை ஏறினால் டச் ஜான் என்ற குட்டி ஊர். கிரீன் ஆற்றை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற ஆறுகள் மழையாலும் வெயிலாலும் மாறினாலும், அணைக்குக் கீழே தண்ணீர் ஓரளவு ஒரே மாதிரி தெளிவாகவும் குளிராகவும் வரும். பயணத் தேதி கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் இங்கே ஏமாற்றம் குறைவு.

இந்தக் குளிருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1964-இல் அணை கட்டி முடித்தபோது ஏரியின் ஆழத்திலிருந்துதான் தண்ணீரை வெளியே விட்டார்கள். குளிர்ந்த நீரை விரும்பும் டிரவுட் மீனே வளர முடியாத அளவுக்கு அது குளிர்ந்திருந்தது. 1978-இல் எந்த மட்டத்துத் தண்ணீர் வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து எடுக்கிற ஏற்பாட்டைப் பொருத்தினார்கள். அதன் பிறகுதான் மீன் செழித்தது.

அணையிலிருந்து லிட்டில் ஹோல் வரை சுமார் 7 மைல் ஆற்றை ஒட்டியே நடைபாதை போகிறது. படகு எடுக்காதவர்கள் இதில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடந்து, பிடித்த இடத்தில் நின்றுகொள்ளலாம். காலை ஆறு மணிக்கெல்லாம் பாதையில் இருந்தோம். சிவந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீர், அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிகிறது. நான் தூண்டில் நுனியில் ஈ மாதிரி செய்த செயற்கை இரையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மாமா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, அந்தக் கல்லுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கான் பாருங்க. அசையவே மாட்டேங்கான். சாப்பாடு அவனத் தேடி வருது, அவன் ஏன் அசையணும்?"

ஆற்று டிரவுட்டைப் பற்றி இதற்கு மேல் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஓட்டம் அடிக்கும் இடத்துக்கும் அமைதியான இடத்துக்கும் நடுவே, கல்லின் மறைவில் நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவருவதைத் தின்னும். இரையை மீனுக்கு நேராகப் போடாமல், கொஞ்சம் மேலே போட்டு ஓட்டத்தோடு இயல்பாக மிதந்து வரவிட வேண்டும். தூண்டில் நரம்பு இழுத்து இரை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனால் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. இங்கே புழு போட அனுமதியில்லை. செயற்கை இரை, செயற்கை ஈ மட்டும்தான். மாமாவுக்கு ராடு புதிது. ஆனால் மீன் எங்கே நிற்கும் என்பதை அவர் சொல்லச் சொல்ல நான் வீசினேன். முதல் பழுப்பு டிரவுட் அப்படித்தான் கிடைத்தது.

ஒன்பதரை, பத்து மணிக்குக் காற்று கிளம்பிவிடும். அதற்குள் முடித்துக்கொண்டு திரும்பினோம். பயணம் முழுக்க இதே ஒழுங்குதான். விடியலில் ஆறு, பத்து மணிக்குச் சாப்பாடு, மத்தியானம் சாலை, சாயங்காலம் மனசிருந்தால் இன்னொரு முறை. மத்தியானத்தில் மீன் அதிகம் கடிக்காது, இடி மின்னலும் அப்போதுதான் வரும். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். இடிச்சத்தம் கேட்டாலே ராடைக் கீழே போட்டுவிட்டு ஆற்றை விட்டு வந்துவிட வேண்டும். காரில் போவதையும் மத்தியானத்திலேயே வைத்துக்கொண்டால் இன்னொரு வசதி. அந்தி மயங்கிய பிறகு இந்தச் சாலைகளில் மானும், மான் மாதிரியே இருக்கும் புரோங்ஹார்னும் குறுக்கே பாயும். பைன்டேலுக்கு மேற்கே டிராப்பர்ஸ் பாயின்ட்டில் அவை கடக்கவென்றே 2012-இல் 191-க்கு மேல் பாலம் கட்டியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் நாம்தான் பார்த்து ஓட்ட வேண்டும்.

ராக் ஸ்பிரிங்ஸிலிருந்து பைன்டேல் வரை 100 மைல், நடுவில் ஃபார்சன் மட்டும்தான் சொல்லிக்கொள்கிற ஊர். டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள்.

பைன்டேலுக்கு வடக்கே கோரா வழியாகப் போனால் கிரீன் ரிவர் லேக்ஸ். அணைக்குக் கீழே நாம் பார்த்த அதே கிரீன் ஆறு பிறக்கும் மலையடி. கடைசிப் பகுதி மண் சாலை, அதிர்ந்துகொண்டே போக வேண்டும். சாதாரணக் கார் போகும், நேரம் பிடிக்கும். எங்கள் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். யெல்லோஸ்டோனுக்கு ஓடுகிற அவசரத்தில் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏரிக்கு நேர் எதிரே ஸ்கொயர்டாப் மலை, பெயருக்கு ஏற்றபடி உச்சி மட்டமாக நிற்கிறது.

வழியில் தேசிய வனத்துக்குள் ஒரு சிற்றோடை. இரண்டு எட்டில் தாண்டிவிடலாம். அதில் புழு போட அனுமதி இருந்தது. விதிப் புத்தகத்தில் இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு மாமாவிடம் ராடைக் கொடுத்தேன். புல் வளைந்து நீரைத் தொடும் ஓரத்தில் அவர் புழுவை நழுவவிட்டார். சுண்டி இழுத்தது. ஒரு சாண் நீளத்துக்கு புரூக் டிரவுட். உடம்பில் சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றி நீல வளையம், அடித் துடுப்புகளின் ஓரத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி வெள்ளை. இந்த வெள்ளை ஓரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். அப்புறம் வேறு மீனோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

புரூக் டிரவுட் இந்த மலைக்குச் சொந்தமில்லை. கிழக்கு மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட்டது. இங்கேயே பிறந்த கட்த்ரோட் டிரவுட்டின் இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. அதனால் அனுமதித்த எண்ணிக்கைக்குள் இதைப் பிடித்துச் சாப்பிடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. கட்த்ரோட் என்றால், கொண்டுபோக அனுமதி இருந்தாலும் திரும்ப விட்டுவிடுவேன்.

சமையலுக்கு ஒரு சேதி: குக்கர் எடுத்துப் போங்கள். கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் புழுங்கல் அரிசியை வெகுநேரம் வைத்தாலும் நடுவில் வேகாமல் நிற்கும், பருப்பு மசியாது. மூன்று லிட்டர் குக்கரும் கேஸ் அடுப்பும் இருந்தால் கவலையில்லை. வறட்சிக் காலத்தில் விறகு மூட்டத் தடை வந்தாலும் கேஸ் அடுப்பைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். டிரவுட்டுக்குச் செதில் மிகச் சிறியது, சுரண்ட வேண்டாம். வழுவழுப்புப் போகக் கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கறுப்பு ரத்தக்கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துவிட வேண்டும். அதை விட்டால் கசக்கும். மிளகாய்த் தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல். மாமா கைப்பக்குவம் அவ்வளவுதான். வறுத்த மீனும் சோறும் ரசமும் சாப்பிட்ட அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மகள் இன்னும் பேசுகிறாள்.

இது கிரிஸ்லி கரடி உள்ள காடு. மீன் கழுவுவதும் சமைப்பதும் கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி. சமைத்த சட்டையைக்கூடக் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, சாப்பாட்டோடு சேர்த்துப் பூட்டி வைக்க வேண்டும். கரடியை விரட்டும் ஸ்பிரே பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். விமானத்தில் அதைக் கொண்டுவர முடியாது, இங்கே வந்துதான் வாங்க வேண்டும்.

வயோமிங்கில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் நிலத்தின் வழியே ஓடும் ஆற்றில் தண்ணீர் பொதுச் சொத்து, ஆற்றின் தரை நிலக்காரருடையது. படகில் மிதந்து போகலாம், இறங்கிக் காலை ஊன்றினால் அத்துமீறல். மொன்டானாவில் அப்படியில்லை. பாலத்தருகே முறையாக இறங்கிவிட்டால், வழக்கமாக வெள்ளம் எட்டும் கோட்டுக்குள் நடந்துபோகலாம். 1985-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆகவே வயோமிங்கில் தேசிய வனம், மாநில மீன்வளத் துறையின் பலகை உள்ள இடங்கள் என்று பார்த்தே நிறுத்தினோம். ஹோபாக் ஆற்றுப் பள்ளத்தாக்கு அதற்கு நல்ல இடம். சாலையை ஒட்டியே ஆறு, வண்டியை ஓரங்கட்ட இடங்கள், நிறைய வனநிலம்.

ஹோபாக்கில் மகளுக்கு ஒரு கட்த்ரோட் மாட்டியது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் குங்குமக் கீற்று. பிடித்த மீனை விடுவதற்கும் முறை இருக்கிறது. முதலில் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்புப் படலம் உரிந்து நோய் பிடிக்கும். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் முன்பே நசுக்கிவிட்டால் முள் ஒரே திருப்பில் கழன்றுவிடும். மீன் வலைக்குள்ளேயே, தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். போட்டோவுக்கு ஒரு மூச்சு நேரம் தூக்கினால் போதும். பிறகு ஓட்டத்தைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டால் அதுவே உதறிக்கொண்டு போகும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வயோமிங் மீன்வளத் துறையின் கட்-ஸ்லாம் நல்ல துணை. மாநிலத்தின் நான்கு வகைக் கட்த்ரோட்டையும் அவற்றின் சொந்த ஆற்றுப் படுகையில் பிடித்துப் படம் அனுப்பினால் சான்றிதழ் தருவார்கள். எந்த மீன் எந்த ஆற்றுக்குச் சொந்தம் என்று மகள் தானாகவே வரைபடத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள்.

ஜாக்சனில் கூட்டமும் விலையும் அதிகம், சாமான் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டோம்.

யெல்லோஸ்டோனில் விதிகள் கடுமை, அதற்கு நியாயமும் இருக்கிறது. எதிர்முள் கூடாது, ஈயக்குண்டு கூடாது, புழு கூடாது, கம்பளி அடிப்பாகம் வைத்த ஆற்று பூட்ஸ் கூடாது. சொந்த மீன்களைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். ஆனால் யெல்லோஸ்டோன் ஏரியில் லேக் டிரவுட் மாட்டினால் கொன்றே ஆக வேண்டும். யாரோ கொண்டுவந்து விட்ட அந்த மீனை 1994-இல்தான் அங்கே கண்டுபிடித்தார்கள். அது கட்த்ரோட்டைத் தின்று பெருகியது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளில் ஏறும்போது கரடி, நீர்நாய், மீன்பருந்து எல்லாவற்றுக்கும் உணவு. லேக் டிரவுட் ஆழத்திலேயே கிடப்பதால் யாருக்கும் எட்டாது. வலை போட்டுப் பல லட்சம் லேக் டிரவுட்டை அகற்றிய பிறகு கட்த்ரோட் மீண்டு வருகிறது. ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற பாலத்தில் 1973 முதல் தூண்டிலுக்குத் தடை. அங்கே நின்று கீழே கட்த்ரோட் நீந்துவதைப் பார்க்கலாம். மனைவி அன்று வரைந்த படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இப்போது வெப்பநிலை. டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், போராடிக் களைத்த மீன் நீந்திப் போனாலும் பின்னால் செத்துவிடும். மொன்டானாவில் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 23 செல்சியஸ், தொட்டுவிட்டால் மத்தியானம் 2 மணி முதல் நள்ளிரவு வரை அந்த ஆற்றை மூடுவார்கள். யெல்லோஸ்டோனுக்குள் வெந்நீர் ஊற்றுகள் கலக்கும் ஃபயர்ஹோல் ஆற்றில் இந்தப் பிரச்சினை சீக்கிரமே வரும். அரசாங்கம் மூடட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. ஒரு சிறிய வெப்பமானியைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். 68 ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸ், காட்டினால் ராடைச் சுருட்டிவிடுவேன். நாலைந்து டாலர்தான். தூண்டில் பெட்டியில் இதைவிட முக்கியமான பொருள் இல்லை.

மாடிசன் ஆற்றில் அதனால் விடியலில் மட்டும் நின்றேன். குவேக் ஏரிக்குக் கீழே ரேனால்ட்ஸ் பாஸ் பாலத்தருகே இறங்க நல்ல இடம். கல் வழுக்கும், ஓட்டம் பலமாக இழுக்கும், ஊன்றுகோலும் இடுப்பு பெல்ட்டும் கட்டாயம். குவேக் ஏரி 1959 ஆகஸ்ட் 17 இரவு நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் உண்டானது. 28 பேர் இறந்தார்கள். அன்று மூழ்கிய மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் மொட்டையாக நிற்கின்றன. தகவல் மையத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஐடஹோவில் பிக் ஸ்பிரிங்ஸ். பூமிக்கு அடியிலிருந்து வருடம் முழுக்க 52 ஃபாரன்ஹீட்டில் தண்ணீர் பொங்கி வருகிறது. மீன்பிடிக்கத் தடை, அதனால் பாலத்தடியில் தொடையளவு வானவில் டிரவுட்டுகள் பயமில்லாமல் திரிகின்றன. மாமா அங்கிருந்து நகர மறுத்துவிட்டார்.

ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போகும்போது பூட்ஸ், வலை எல்லாவற்றையும் சேறு போகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். ஆக்கிரமிப்பு நத்தைகளும் சிப்பிகளும் இப்படித்தான் பரவுகின்றன. 2023-இல் ஐடஹோவின் ட்வின் ஃபால்ஸில் ஸ்நேக் ஆற்றில் குவாகா சிப்பி வந்துவிட்டது. காரில் கயாக்கோ ரப்பர் படகோ இருந்தால் வயோமிங்கில் வழியில் திறந்திருக்கும் சோதனைச் சாவடியில் நிறுத்தியே ஆக வேண்டும். இரண்டு ஜோடி பூட்ஸ் இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

நான்கு நாள்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் யெல்லோஸ்டோனை விட்டுவிடுங்கள். ஓடி ஓடிப் பார்க்கிற இடமில்லை அது, முகாம் இடத்துக்கும் ஆறு மாதம் முன்பே பதிய வேண்டும். டச் ஜானில் இரண்டு இரவு, கிரீன் ரிவர் லேக்ஸில் ஓர் இரவு, நான்காம் நாள் 189-ஆம் சாலையில் கெம்மரர், எவன்ஸ்டன் வழியாக சால்ட் லேக் திரும்பிவிடலாம். யூட்டா, வயோமிங் என்று இரண்டு உரிமம் போதும்.